மூடிமேல் தணல்

சேசு மரி சூசை துணை

பெத்லகேம், ஆம்பூர்
14.7.2025

அன்புத் தம்பி ஜெயசீலனுக்கு,

அக்கா எழிலரசி எழுதுவது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுகிறேன். இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்பாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. கம்பெனியில் ஆர்டர் கம்மி, ஓவர்டைம் கிடையாது.

நீயாக அழைத்தால்தான் உன்னோடு பேச முடிகிறது. நான் அழைத்தால் அந்த எண் வேலை செய்வதில்லை. மே மாதத்துக்குப் பிறகு நீ அழைக்கவும் இல்லை. அதனால்தான் கான்பூரில் நீ வேலை செய்யும் டேனரி விலாசத்துக்கே இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில்வி வந்திருக்கிறாள், குழந்தையோடு.

போன செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. சென்னை விமான நிலையத்திலிருந்து நேராக டாக்ஸி பிடித்து வந்துவிட்டாள். நீ பிரான்சில் கோயிலுக்கும் போகாமல் நமக்கும் சொல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா உன் பேரைக்கூட எடுத்ததில்லை. அவளை என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே உள்ளே போனேன். தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும், "ஜெயாவக் காணோமாம்மா. நவம்பர்லருந்தே காணோமாம். சென்னையில ஃபிளைட்டு எறங்கினது மட்டும் தெரியுமாம். உன்கிட்ட எதுனா பேசினானா?" என்று கேட்டார்.

டிசம்பரில் நீ போனில் அழுதது நினைவுக்கு வந்தது. அவள் உன்னை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள், கேஸ் போடப்போகிறாள், நீ இருக்கும் இடம் தெரிந்தால் உன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள், அப்பாவிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று செத்துப்போன அம்மா பேரில் சத்தியம் வாங்கினாயே. "எனக்கும் தெரியாதுப்பா. அக்டோபர்ல பேசினதுதான்" என்றேன். சில்வி என் முகத்தையே பார்த்தாள். துலூஸிலிருந்து அவள் எத்தனையோ முறை போன் செய்தும் நான் எடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காரைக்கால்காரர்களுக்குப் பிறந்தவள், பிரான்சிலேயே வளர்ந்தவள், நம்மோடு எப்படி ஒட்டுவாள் என்று நினைத்திருந்தேன். வந்த மறுநாளே வீடு கூட்டினாள். தமிழ் மெதுவாகத்தான் வருகிறது. என்னையும் வாங்க என்கிறாள், தெருநாயையும் போங்க என்கிறாள். புருஷனைத் துரத்திய பெண்ணின் முகம் இது இல்லையே தம்பி. உன் பழைய சட்டை ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தாள்.

இன்னொன்று. குழந்தை இனியாவுக்கு இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறாள். உள்ளே இடது கை முழுக்க, விரல்வரைக்கும், இறுக்கமான உறை ஒன்று மாட்டியிருக்கிறது. கழுத்திலும் ஒரு பட்டை. அது என்ன என்று கேட்டேன். "அவரு உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள். மேலே கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். "அவன்தான் பேசறதே இல்லையே" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன்.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் வீட்டில் கனமான பெரிய பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். மாட்டுக்கறியைப் பெரிய துண்டுகளாகச் சிவக்க வறுத்து, கேரட், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அதோடு போட்டு, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை ஒட்டி அடைத்தாள். பக்கத்து வீட்டு சுகரா பேகம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா எழிலு, உங்க வீட்ல தம் போடறாங்களா?" என்று கேட்டார். மதியம் வரைக்கும் சின்னத் தீயிலேயே வைத்திருந்தாள். மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் கேட்டார். ஆனால் தட்டைக் காலி செய்தார்.

பாத்திரத்தை இறக்கும் நேரத்தில் அவள் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை சமையலறைக் கதவுவரை வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. குழந்தைக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போனது. நான் தூக்கப் போனேன். சில்வி, "வேணாம் அக்கா. அவ நிக்கட்டும்" என்றாள். குரல் கெட்டியாகத்தான் இருந்தது. குழந்தையைப் பார்க்காமல் பாத்திரத்தையே கிளறிக்கொண்டிருந்தாள்.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நீ வரவும் வேண்டாம், கேஸ் என்கிறாயே. ஆனால் குழந்தையின் கைக்கு என்ன ஆனது என்று மட்டும் எனக்குச் சொல். ஒரே ஒரு தடவை போன் செய். ஒரே வீட்டில் அவளோடு சாப்பிட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குப் புரியாது.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னோடு இருக்கட்டும்.

உன் அக்கா,
எழிலரசி


பெத்லகேம், ஆம்பூர்
28.7.2025

தம்பி ஜெயசீலனுக்கு,

யாருடைய போனிலிருந்தோ நீ அனுப்பிய இரண்டு வரி வந்தது. 'அவங்கள ஊருக்கு அனுப்பிடு. எதுவும் சொல்லாத.' நலமா என்றுகூட இல்லை. குழந்தையின் கையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. இனிமேல் நீ பதில் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றும் சொல்கிறேன்.

அப்பாவோடு டேனரியில் வேலை பார்த்த ஒருவர் ராணிப்பேட்டைப் பக்கம் கலவை ஊரில் இருக்கிறார். அங்கே ஏரிப்பக்கம் வாத்து மேய்க்கிறார்கள். சில்வி வாத்து கிடைக்குமா என்று கேட்டதற்கு அப்பா முட்டிவலியோடு பஸ் ஏறிப் போய் இரண்டு வாத்து வாங்கிவந்தார். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேரையே எடுக்காத மனுஷன். அவள் அதில் உப்புத் தடவி ஒரு ராத்திரி வைத்து, அதன் கொழுப்பிலேயே வேகவைத்தாள். கடையில் கிடைத்த டபுள் பீன்ஸை ஊறவைத்தாள். பன்றிக்கறி சாசேஜ் வேண்டுமாம். சுகரா பேகம் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும், அதனால் அது வேண்டாம் என்று அப்பா சொன்னார். அவள் உடனே சரி என்று ஆட்டுக்கறி போட்டாள். இதற்குப் பேர் கசூலேயாம். உனக்குத் தெரியாததா.

அவர்கள் ஊரில் இதை ஓவனில் வைப்பார்களாம், மேலேயும் சூடு வேண்டுமாம். நம் வீட்டில் ஓவன் ஏது. சுகரா பேகம் தன் பெரிய டேக்சாவைக் கொடுத்தார். கொல்லையில் செங்கல் அடுப்புக் கூட்டி, "மூடிமேல தணலப் போடும்மா, பிரியாணிக்குப் போடற மாதிரி. எல்லாம் ஒண்ணுதான்" என்றார். நேற்று அப்படியே செய்தோம். அவ்வப்போது மூடியை எடுத்து, மேலே சிவந்து காய்ந்து கட்டும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து உள்ளே தள்ள வேண்டும். அது மறுபடி கட்டும். மறுபடி உடைக்க வேண்டும். அடுப்பங்கரையில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

உறையை மாற்றுவதற்காக அன்று காலையில் குழந்தையின் சட்டையைக் கழற்றியபோது நான் பார்த்துவிட்டேன். நாள் முழுக்கத் தோலைத் தடவிப் பார்த்து எங்கே குறை என்று குறி போடுவதுதான் என் வேலை. எத்தனை ஆயிரம் தோல் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னக் கையை என்னால் தொட முடியவில்லை, ஜெயா. கழுத்தில் சதை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது.

அடுப்பருகே நான் கேட்டேன். அவள் சொன்னாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீதான் சமைத்திருக்கிறாய். ஓவனிலிருந்து இரும்புப் பாத்திரத்தை எடுத்துத் திரும்பியபோது குழந்தை ஓடிவந்து உன் காலில் மோதியிருக்கிறாள். கொதிக்கும் பீன்ஸும் கொழுப்பும் அவள் மேல் கொட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்களாம். ஒரு வாரம் கூடவே இருந்தவன், மாற்றுத்துணி எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்குப் போனாய். வரவில்லை.

அவ்வளவுதான் சொன்னாள். உன்னைத் திட்டி ஒரு வார்த்தை வரவில்லை. "கேஸ் எதுனா போட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எதுக்கு அக்கா கேஸு? ஆஸ்பத்திரியில கேட்டாங்க. தவறி விழுந்ததுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள். பிறகு எழுந்து மூடியைத் திறந்து ஏட்டை உடைத்தாள்.

உன்னை யாரும் துரத்தவில்லை. நீ ஓடிவந்துவிட்டாய். என்னிடம் பொய் சொன்னாய். அந்தப் பொய்யை நான் பத்திரமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் வாராவாரம் இப்படிப் பெரிய பாத்திரம் ஏற்றிச் சமைக்கிறாய், குழந்தைக்குப் பயம் ஜாஸ்தி ஆகாதா என்றும் கேட்டேன். "பாத்திரத்தப் பாத்து வாழ்க்கை முழுக்க அவ பயப்படக் கூடாது. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் ஆரம்பிச்சேன். மொதல்ல வீட்டுக்கு வெளியில நின்னா. இப்ப கதவுகிட்ட நிக்கறா" என்றாள். நேற்று இனியா கொல்லைப்படி இறங்கி வந்தாள். சுகரா பேகத்தின் மகள் புஷ்ரா கையைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் வந்தாள். தணலைக் காட்டி பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். சில்வி பதில் சொன்னாள். தணலின் வெளிச்சத்தில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அப்பாவைப் பற்றி. உன் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். சத்துவாச்சாரியில் உன்னோடு படித்த நவநீதன் வீட்டுக்குப் போனார். வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தெரிந்த டேனரி ஒன்றுவிடாமல் விசாரித்துவிட்டார். ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர்களிடம் காட்டியிருக்கிறார். ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என்னிடம், "எழிலு, அவன்கிட்ட நான் பேசாம இருந்தது தப்பாப் போச்சா?" என்று கேட்டார். நான் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். அடுத்தபடியாக போலீஸில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா உனக்கு? என் வீட்டுக்காரர் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பெங்களூர் போய்த் திரும்பாமல் போனாரே, அப்போது நீ காலேஜில் இருந்தாய். லீவு போட்டுவிட்டு அவரைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பிவந்தாய். வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அந்தாளு எங்க இருக்கான்னு தெரிஞ்சவன் எவனோ ஒருத்தன் இருப்பான்க்கா. தெரிஞ்சும் நம்மகிட்ட சொல்லாம இருக்கானே, மொதல்ல அவனத்தான் ஒதைக்கணும்" என்றாய். இன்றைக்கு அந்த ஒருத்தி நான்தான். ஒரே கூரைக்குக் கீழே, அவள் பரிமாறுவதைச் சாப்பிட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிறு. அதுவரைக்கும் பொறுக்கிறேன். நீயே வா, இல்லை அவளுக்கு நீயே போன் செய். எண் மாறவில்லை, அதே எண்தான். நீ பயப்படுகிற அளவுக்கு இங்கே யாரும் உன்மேல் கோபமாக இல்லை, என்னைத் தவிர.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

அக்கா
எழிலரசி


பெத்லகேம், ஆம்பூர்
11.8.2025

அன்புத் தம்பி ஜெயசீலனுக்கு,

நேற்று வீட்டில் இருந்த நேரமெல்லாம் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன். நீ வரவில்லை. போனும் வரவில்லை. போன கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்ததாகத் தபாலாபீஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது காட்டியது. அதனால் நீ படித்தாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சத்தியத்தை மீறிவிட்டேன். எப்படி நடந்தது என்பதை நீ என் வாயால்தான் கேட்க வேண்டும்.

பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். சாயங்காலம்வரை உனக்கு நேரம் கொடுத்திருந்தேன் அல்லவா. ஆனால் அப்பா கோயில் வாசலிலேயே, "இப்பிடியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிரலாம்மா. இன்னிக்கு உனக்கும் லீவு. நீயும் வந்தாத்தான் கேக்கறதுக்குப் பதில் சொல்ல முடியும்" என்றார். காலையிலேயே கசூலேயை அடுப்பில் ஏற்றி, சுகரா பேகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். இனியா புஷ்ராவோடு இருந்தாள். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா தன் பையிலிருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். என்ன செய்வேன், அவரோடும் சில்வியோடும் போனேன்.

ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். எழுதுகிறவர் உன் பேர், வயசு, உயரம், அடையாளம் எல்லாம் கேட்டார். வலது புருவத்தில் தழும்பு என்று அப்பா சொன்னார். இல்லை, இடது புருவம் என்று சில்வி திருத்தினாள். "கடைசியா அவருகிட்ட யாரு பேசினது?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். "எப்பம்மா பேசினீங்க?"

அக்டோபர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த மனுஷர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் சில்வி மடியில் உன் போட்டோவை வைத்து அதன் மூலையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அது மடங்கியே இல்லை, ஆனாலும் நீவிக்கொண்டிருந்தாள்.

"மே மாசம்" என்றேன்.

அவர் எழுதப் போனார். அப்பா, "இன்னாது?" என்றார். நான் திரும்பவும், "மே மாசம் பேசினான்பா. கான்பூர்ல ஒரு டேனரியில இருக்கான். எனக்கு டிசம்பர்லருந்தே தெரியும்" என்றேன். எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். மெதுவாகச் சொல்லத் தெம்பு இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நாலாக மடித்தார். "மன்னிச்சுக்கங்க சார். பையன் இருக்கான்" என்றார். எழுந்து எனக்காக நிற்காமல், முட்டியைப் பிடித்துக்கொண்டே ரோட்டில் இறங்கி நடந்தார். இந்த நிமிஷம்வரை என்னோடு பேசவில்லை. காலையில் நான் வைத்த டீயைக் குடிக்காமல் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

சில்வி என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "அக்கா, அவரு உசுரோட இருக்காரா? நெஜமாவா?" என்றாள். ஆமாம் என்றேன். "உங்க காதால கேட்டீங்களா? அவரு குரல்தானா?" என்றாள். அவன் குரல்தான், எனக்குத் தெரியாதா என்றேன். அவள் இரண்டு கையாலும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். சத்தமே வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. ஒரு பெண் போலீஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்திருக்கிறாள், ஜெயா. துலூஸில் ஆற்றோரமெல்லாம் தேடியிருக்கிறாள். சென்னையில் இறங்கினாய் என்று தெரிந்ததும், இங்கே வந்து ஏதாவது செய்துகொண்டிருப்பாய் என்று பயந்திருக்கிறாள். அவள் ஆம்பூருக்கு வந்தது உன்னைப் பிடிக்க இல்லை. உன் உடம்பாவது எங்காவது இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள். நான் தெரியாது என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அவள் அந்தப் பயத்தோடுதான் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது சுகரா பேகம் அடுப்பருகே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விசிறியைக் கீழே வைத்தார். "ஏடு நல்லாக் கட்டியிருக்கு. நான் ஒடைக்கல. நீங்களே வந்து ஒடைச்சுக்கங்கன்னு விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். சில்வி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மூடிமேல் இருந்த தணலைத் தள்ளினாள். எல்லோருக்கும் பரிமாறினாள், எனக்கும். அப்பா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா கான்பூருக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பினார். பையில் வேட்டி சட்டையெல்லாம் வைத்துவிட்டார். சில்வி குறுக்கே நின்றாள். "நீங்க போனா அவரு உங்களுக்காக வருவாரு மாமா. எனக்கு அது வேணாம். நான் இவ்ளோ தூரம் வந்துட்டேன். மிச்சத்த அவருதான் வரணும்" என்றாள். அப்பா வாசலிலேயே நின்று யோசித்தார். பிறகு பையை இறக்கி வைத்தார். அவளும் நீ இருக்கும் இடத்தை என்னிடம் கேட்கவில்லை. விலாசம் எழுதிய தாளை நீட்டினேன், கையால் தள்ளிவிட்டாள்.

இந்த மாதக் கடைசிவரை இங்கே இருப்பாள். செப்டம்பரில் குழந்தைக்குக் கழுத்தில் ஆபரேஷன், அதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். இழுத்திருக்கும் சதையை விடுவித்துவிட்டால் தலையை நன்றாகத் திருப்ப முடியுமாம். வளர வளர இன்னும் ஒன்றிரண்டு செய்ய வேண்டியிருக்குமாம். இதையெல்லாம் தனியாகச் செய்ய அவளுக்குத் தெரியும். ஒரு முறை செய்தும்விட்டாள். உன்னால்தான் ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. அதனால்தான் நீ வர வேண்டும் என்கிறேன். புரிகிறதா?

உன்னைக் குறை சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத உன் முகம்தான் முன்னால் வருகிறது. ஒரு வாரம் அந்த ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையின் கட்டைப் பார்த்துக்கொண்டு நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தால் என்ன சொல்வாளோ என்ற பயத்தில்தானே எழுந்து ஓடினாய். நீ சின்ன வயசிலும் அப்படித்தான். ஒரு டம்ளர் உடைந்தாலும் தெருக்கோடியில்தான் உன்னைத் தேட வேண்டும்.

அவள் என்ன சொல்கிறாள் என்று நான் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது இனியா என் பின்னாலேயே வந்தாள். நீ உயிரோடு இருப்பது தெரிந்ததும் சில்வி அவளிடம், அப்பா தூரத்து ஊரில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. என் பையைப் பிடித்து நிறுத்தி, புஷ்ராவோடு பழகிய தமிழில், "அத்தை, அப்பாக்கு கை சரியாய்டுச்சா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. எந்தக் கை என்றேன். தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். உறை போட்ட கையும் போடாத கையும். "அப்பா பாத்திரத்த புடிச்சாரு. துணி இல்லாம புடிச்சாரு. என் மேல விழாம புடிச்சாரு. நிறைய வலிச்சுது அவருக்கு" என்றாள்.

சில்வியைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தாள். விழுந்த பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தாயாமே. முழுப் பாத்திரமும் கொட்டாமல் போனதே அதனால்தானாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. உனக்குக் கையில் வைத்தியம் நடக்கிறது, அது முடியாததால்தான் நீ வரவில்லை என்று இத்தனை மாதமாக அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உன்மேல் வேறு கேள்வியே இல்லை.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, தம்பி. தெரியாது என்று இந்த வீட்டில் நான் இன்னொரு முறை சொல்ல மாட்டேன். தெரியும் என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை. நீ அவள் எதிரில் வந்து உட்கார்ந்து உன் இரண்டு கையையும் விரித்துக் காட்டு. அவளே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் கைகளை ஆண்டவர் முழுசாக ஆற்றட்டும். வா.

உன் அக்கா,
எழிலரசி